நீச்சல் தடாக நீரில் குளோரினைப் பிழையின்றி அளப்பது எப்படி? கிழக்குக் கரையோர விடுதிகளுக்கான முழுமையான வழிகாட்டி

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள பாசிக்குடா, கல்லடி, அறுகம்பை ஆகிய இடங்களின் சிறு விடுதிகளில் நீச்சல் தடாகத்தைப் பராமரிப்பதற்கென்று தனியாக ஒருவரை வைத்திருப்பது அரிது. பம்பையும் தோட்டத்தையும் கவனிக்கும் ஊழியரே காலையில் குளோரின் போடுகிறார். அவரிடமே ஒரு சோதனைப் பெட்டியும் கொடுக்கப்படுகிறது. எவ்வளவு மருந்து போடுவது என்பதை அவர் விரைவில் பழகிக்கொள்கிறார். நீரில் உண்மையில் எவ்வளவு குளோரின் நிற்கிறது என்பதை அளப்பதுதான் கடினம். மாதிரி எடுக்கும் இடம், சோதனைக் குளிசையின் நிலை, கண்ணாடிக் குழாயின் சுத்தம், பார்க்கும் வெளிச்சம் ஆகிய ஒவ்வொன்றும் அந்த எண்ணை மாற்றக்கூடியவை. விலை உயர்ந்த கருவியை வாங்கிய பிறகும் இவை மாறுவதில்லை என்பதால், கருவியைவிட முறைக்கே இந்த வழிகாட்டி அதிக இடம் கொடுக்கிறது.

எதை அளக்கிறோம்

தடாக நீரில் குளோரின் இரண்டு நிலைகளில் இருக்கிறது. கிருமியைக் கொல்லும் வேலைக்கு இன்னும் செலவாகாமல் நிற்பது சுயாதீனக் குளோரின். பெட்டிகளின் மேல் ‘ஃப்ரீ குளோரின்’ என்று எழுதியிருப்பது இதனைத்தான். வியர்வை, சிறுநீர் போன்றவற்றிலுள்ள நைதரசன் சேர்வைகளோடு இணைந்து குளோரமீன்களாக மாறியது சேர்ந்த குளோரின். இவ்விரண்டின் கூட்டுத்தொகை மொத்தக் குளோரின். சேர்ந்த குளோரினை நேரடியாக அளப்பதில்லை. மொத்தத்திலிருந்து சுயாதீனத்தைக் கழித்துப் பெறுகிறோம். கண்ணை எரிக்கும், மூக்கில் ஏறும் அந்த ‘குளோரின் மணம்’ பெரும்பாலும் குளோரமீனின் மணமாகும். ஆகவே மணம் பலமாக இருக்கிறது, குளோரின் கூடிவிட்டது என்று கருதி மருந்தை நிறுத்துவது பல இடங்களில் நடக்கும் தவறு. அளந்து பார்த்தால் அங்கே சுயாதீனக் குளோரின் போதாமல் இருப்பதே பெரும்பாலும் தெரியவரும்.

உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட தடாகங்களுக்கான வழிகாட்டல், சுயாதீனக் குளோரின் லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்குக் குறையாமலும் பொதுத் தடாகங்களில் 3 மில்லிகிராமுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்கிறது. சேர்ந்த குளோரின் இயன்றவரை குறைவாக, 0.2 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பது நல்லது. லீற்றருக்கு மில்லிகிராம் என்பதும் பெட்டிகளில் காணப்படும் ‘பீ.பீ.எம்.’ என்பதும் தடாக நீரைப் பொறுத்தவரை ஒன்றே.

எந்தக் கருவி

சந்தையில் கிடைப்பவற்றுள் மஞ்சள் நிறம் காட்டும் பழைய ஓர்தோரொலிடின் திரவத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். அது மொத்தக் குளோரினை மட்டுமே காட்டும். அந்த இரசாயனமும் உடல்நலத்திற்குக் கேடானது என்று சந்தேகிக்கப்படுவது. நீரில் தோய்த்தெடுக்கும் பட்டிகள் விரைவானவை, ஆனால் ஈரப்பதன் நிறைந்த எமது கரையோரக் காற்றில் போத்தலின் மூடியைச் சில தடவை திறந்தாலே கெட்டுப்போகக்கூடியவை. நீரில் குளோரின் இருக்கிறதா இல்லையா என்று அறிய அவை போதும். எவ்வளவு என்று முடிவெடுக்கப் போதா.

நம்பத்தக்கது டீ.பீ.டீ. முறை. டீ.பீ.டீ. என்னும் இரசாயனம் குளோரினோடு சேரும்போது இளஞ்சிவப்பு நிறம் உண்டாகிறது. நிறம் எவ்வளவு அடர்த்தியோ குளோரினும் அவ்வளவு. அந்த நிறத்தை மூன்று விதமாக வாசிக்கலாம். நிற அட்டையோடு அல்லது வட்டத்தகட்டோடு ஒப்பிடும் பெட்டி மலிவானது, சிறு விடுதிக்குப் போதுமானது. ஒளிமானி நிறத்தைக் கண்ணுக்குப் பதிலாக மின்னணு முறையில் அளக்கிறது. மூன்றாவதான துளி முறையில், இளஞ்சிவப்பாக்கிய நீரில் ஃபெரஸ் அமோனியம் சல்பேற்றுத் திரவத்தைத் துளித்துளியாக விட்டு, நிறம் அறவே மறையும்வரை எண்ண வேண்டும். 10 மில்லிலீற்றர் மாதிரியில் வழக்கமாக ஒரு துளி லீற்றருக்கு 0.5 மில்லிகிராமுக்குச் சமம். 25 மில்லிலீற்றர் எடுத்தால் ஒரு துளி 0.2 மில்லிகிராம். எனது தெரிவு துளி முறையே. இளஞ்சிவப்பின் ஏழு சாயல்களுள் எது என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கத் தேவையில்லை, நிறம் போய்விட்டதா என்பதை மட்டும் பார்த்தால் போதும்; பற்றரியும் தேவையில்லை; அதிக அளவுகளையும் தாங்கும்.

குளிசைகளை எங்கே வைப்பது

டீ.பீ.டீ. குளிசைகளைப் பம்பு அறையில் வைக்கக் கூடாது. தகரக் கூரையின் கீழ் வைகாசி, ஆனி மாதங்களில் ஏறும் வெப்பம் ஒரு காரணம். அதே அறையில் திறந்து மூடப்படும் குளோரின் வாளியின் ஆவி மற்றொன்று. டீ.பீ.டீ. என்பது குளோரினைக் கண்டால் நிறம் மாறும் பொருள். அதனைக் குளோரின் ஆவிக்குள் வைத்துவிட்டு அடுத்த வாரம் சரியான எண்ணை எதிர்பார்க்க முடியாது. அலுவலக அறையின் நிழலான அலுமாரியில், மூடியிறுக்கிய பிளாஸ்ரிக் டப்பாவினுள் வைப்பது நல்லது. தகட்டுறையில் தனித்தனியாக அடைத்த குளிசைகள் திரவத்தைவிட நெடுநாள் நிற்கும். டீ.பீ.டீ. திரவம் மண்ணிறமாகிவிட்டால், காலாவதித் திகதி எதுவாக இருந்தாலும், அதனைக் கழித்துவிட வேண்டும்.

மாதிரி எடுத்தல்

பம்பு சில மணிநேரம் ஓடி நீர் நன்கு கலந்த பின்னரே மாதிரி எடுக்க வேண்டும். மருந்து போட்ட கையோடு எடுத்த மாதிரி, அந்த இடத்தில் விழுந்த மருந்தின் அளவைக் காட்டுமே தவிர தடாகத்தின் அளவைக் காட்டாது. வடிகட்டியிலிருந்து நீர் திரும்பி வரும் வாய்க்கு அருகிலும், குளோரின் மிதவைக்கு அருகிலும், மேல்நீர் வழிந்து போகும் இடத்திலும் எடுக்கலாகாது. திரும்புவாய்க்கு மிகத் தொலைவான மூலையே உகந்தது, ஏனெனில் குறைவு முதலில் அங்கேதான் தெரியும்.

போத்தலைத் தடாக நீரிலேயே இரண்டு மூன்று தடவை அலசி, வாயைக் கீழ்நோக்கிப் பிடித்தபடி முழங்கை ஆழத்திற்கு, அதாவது 30 முதல் 45 சென்ரிமீற்றர்வரை இறக்கி, அங்கே நிமிர்த்தி நிரப்ப வேண்டும். மேற்பரப்பு நீரில் வெயிலும் சன்கிறீமும் குளோரினைத் தின்றிருக்கும். எடுத்த மாதிரியை உடனே சோதிக்க வேண்டும். வெயிலில் ஒரு கதிரையின் மேல் வைத்துவிட்டு விருந்தினர் ஒருவரின் கேள்விக்குப் பதில் சொல்லித் திரும்புவதற்குள் அளவு குறைந்திருக்கும். சூரியனின் புற ஊதாக் கதிர்கள் சுயாதீனக் குளோரினை அவ்வளவு விரைவாக அழிப்பவை. நகரிலுள்ள ஆய்வுகூடத்திற்கு மாதிரியைக் கொண்டுபோய்க் குளோரினை அளப்பதும் இதே காரணத்தால் பொருத்தமற்றது.

அளத்தல், படிப்படியாக

இங்கே கூறுவது குளிசையும் ஒப்பீட்டுப் பெட்டியும் அல்லது ஒளிமானியும் உள்ளவர்களுக்கு. வெவ்வேறு பெட்டிகளில் மாதிரியின் கனவளவும் காத்திருக்கும் நேரமும் சற்று மாறுபடலாம். அவ்விடங்களில் பெட்டியோடு வரும் தாளே முடிவு.

1. இரண்டு கண்ணாடிக் குழாய்களை வைத்திருங்கள். ஒன்று சுயாதீனக் குளோரினுக்கு, மற்றையது மொத்தத்திற்கு; மூடியில் அழியாத மையால் அடையாளமிடுங்கள். மொத்தத்தை அளக்கும் டீ.பீ.டீ. 3 குளிசையில் பொற்றாசியம் அயடைட்டு உண்டு. அதன் சிறு எச்சம் குழாயில் ஒட்டியிருந்தாலும், அடுத்த முறை சுயாதீனத்தை அளக்கும்போது குளோரமீனும் சேர்ந்து கணக்கில் வந்துவிடும். இல்லாத குளோரின் இருப்பதாகத் தெரியும். ஒரே குழாயில்தான் அளக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் மிக நன்றாக அலச வேண்டும். இந்தப் படியைத்தான் நான் மற்ற எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன், ஏனெனில் இங்கே நேரும் பிழை ‘நீர் நல்ல நிலையில் இருக்கிறது’ என்ற பக்கமாகவே சாய்கிறது.

2. முதற் குழாயைத் தடாக நீரால் அலசி, கோடுவரை நிரப்புங்கள். நீர் மேற்பரப்பின் வளைவினது அடிப்பகுதி கோட்டைத் தொட வேண்டும். கண்ணைக் கோட்டின் மட்டத்தில் வைத்துப் பாருங்கள்.

3. ஒளிமானியாயின், குளிசை போடாத அதே தடாக நீரை வைத்துப் பூச்சியப்படுத்துங்கள். குழாய் நீரையோ போத்தல் நீரையோ இதற்குப் பயன்படுத்தக் கூடாது. தடாக நீரின் கலங்கலும் கண்ணாடியின் கீறல்களும் பூச்சியத்தில் கழிபட்டுப்போக வேண்டும் என்பதே நோக்கம். வெளிப்புறத்தை மெல்லிய துணியால் துடைத்து, குழாயிலுள்ள அடையாளம் கருவியின் அடையாளத்தோடு பொருந்துமாறு ஒவ்வொரு முறையும் ஒரே திசையில் வையுங்கள்.

4. சுயாதீனக் குளோரினை அளக்கும் டீ.பீ.டீ. 1 குளிசையை விரலால் தொடாமல் உறையிலிருந்து நேரே குழாயினுள் விடுங்கள். பெட்டியோடு வரும் கோலால் நசுக்கிக் கரைத்து, மூடி, சில தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். விரலால் குழாயின் வாயை அடைத்துக் குலுக்குவது பலரது வழக்கம். விரலிலுள்ள வியர்வையே குளோரினைச் செலவழிக்கும் என்பதால் மூடியையே பயன்படுத்த வேண்டும்.

5. கரைந்தவுடன், ஒரு நிமிடத்திற்குள் வாசியுங்கள். எமது பகுதியில் தடாக நீரின் வெப்பநிலை பெரும்பாலும் 28 பாகைக்கு மேல் இருக்கும். சூடான நீரில் குளோரமீன் டீ.பீ.டீ. 1உடனும் மெல்ல மெல்ல வினைபுரிந்து நிறத்தைக் கூட்டிக்கொண்டே போகும். தாமதித்தால் சுயாதீனம் கூடுதலாகத் தெரியும். கண்ணால் ஒப்பிடுவோர் வெயிலைப் பாராமல், நிழலில், வெள்ளைப் பின்னணியில், பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மாலையில் மஞ்சள் மின்குமிழின் கீழ் இளஞ்சிவப்பை மதிப்பிட முயல்வது வீண்; கறுப்புக் கண்ணாடியையும் கழற்றிவிடுங்கள்.

6. மொத்தக் குளோரினுக்கு, முதற் குழாயிலுள்ள அந்த நீரை இரண்டாவது குழாய்க்கு மாற்றி, டீ.பீ.டீ. 3 குளிசையைச் சேர்த்துக் கரைத்து, இரண்டு நிமிடம் கழித்து வாசியுங்கள். கிடைத்த எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்தால் சேர்ந்த குளோரின். மொத்தம் 2.4, சுயாதீனம் 1.6 என்றால் சேர்ந்தது 0.8, குளோரமீன் திரண்டிருக்கிறது. மொத்தம் சுயாதீனத்தைவிடக் குறைவாக வந்தால் அது நடக்க முடியாத ஒன்று. எங்கோ பிழை நேர்ந்திருக்கிறது. புது மாதிரியோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

7. சோதித்த நீரைத் தடாகத்தில் ஊற்றாமல் கழிவுத்துளையில் ஊற்றுங்கள். குழாய்களைச் சுத்தமான நீரால் உடனே அலசி, கவிழ்த்து உலர விடுங்கள், சவர்க்காரம் வேண்டாம். நிறம் குழாயிலேயே காய்ந்தால் கண்ணாடியில் கறை படிந்து அடுத்த அளவையும் கெடுக்கும்.

பூச்சியம் என்று காட்டும்போது

மருந்து போட்டு நிறைந்திருக்கும் தடாகத்தில் சோதனை நீர் நிறமற்று நிற்கும். ‘குளோரினே இல்லை’ என்று ஊழியர் இன்னுமொரு வாளி போடுவார், மறுபடியும் நிறமில்லை. இது அபாயமான பிழை. குளோரின் லீற்றருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராமைத் தாண்டும்போது அது டீ.பீ.டீ.யின் நிறத்தையே வெளிறச் செய்துவிடும். குளிசை நீரில் விழும் கணத்தில் இளஞ்சிவப்பு மின்னி மறைகிறதா என்று உற்றுப் பாருங்கள். மின்னி மறைந்தால் குளோரின் அளவுக்கு மிஞ்சியிருக்கிறது, யாரும் இறங்கக் கூடாது.

உறுதிப்படுத்த, நீரை ஐதாக்க வேண்டும். 2 மில்லிலீற்றர் தடாக நீரோடு 8 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரைச் சேர்த்துச் சோதித்து, வரும் எண்ணை ஐந்தால் பெருக்குங்கள். 2 மில்லிலீற்றரை ஊசியில்லாத சிரிஞ்சால் எடுத்தால் துல்லியமாக இருக்கும். நீர் வழங்கல் சபையின் குழாய்நீரை இதற்குப் பயன்படுத்த முடியாது. அதில் ஏற்கனவே குளோரின் உண்டு. ஐதாக்கியதில் 2.6 என்று வந்தால், தடாகத்தில் இருப்பது 13. சிறு பிழையும் ஐந்து மடங்காகும் என்பதால் இரண்டு தடவை செய்து பார்க்க வேண்டும்.

பீ.எச். அளவும் சயனூரிக் அமிலமும்

குளோரினின் எண் தனியாக நின்றால் பாதிக் கதைதான். நீரில் சுயாதீனக் குளோரின் இரு வடிவங்களில் இருக்கிறது. அவற்றுள் ஹைப்போகுளோரஸ் அமிலமே கிருமியை விரைந்து கொல்வது. நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்ணான பீ.எச். 7.2இல் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கும், 7.5இல் பாதியும், 8.0இல் நான்கில் ஒரு பங்குமே அந்த அமிலமாக இருக்கும். ஆகவே 8.0இல் 2 மில்லிகிராம் என்று எழுதப்பட்ட பதிவு, 7.2இல் 1 மில்லிகிராம் என்ற பதிவைவிட வலுவானதல்ல. பீ.எச். 7.2க்கும் 7.8க்கும் இடையே இருக்க வேண்டும். அதனை அளக்கும் பீனோல் ரெட் சாயமும் மிகையான குளோரினால் பாதிக்கப்பட்டு ஊதாவாக மாறி, உண்மையைவிட உயர்ந்த பீ.எச். போலத் தோன்றும். அப்போது குளோரின் இறங்கும்வரை அந்த எண்ணை நம்பி அமிலம் ஊற்றக் கூடாது.

சயனூரிக் அமிலம் வேறொரு சிக்கல். ரைகுளோர், டைகுளோர் எனப்படும் மருந்துகளில் இது உடன் வருகிறது. வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும் இது, குளோரினோடு தளர்வாகப் பிணைந்து அதன் வேகத்தையும் குறைக்கிறது. டீ.பீ.டீ. அந்தப் பிணைந்த பங்கையும் சுயாதீனமென்றே காட்டும். குளோரின் வெயிலில் தீர்ந்துவிடும், இந்த அமிலம் தீராது. ஆவியாகும் நீரை நிரப்ப நிரப்ப அது தடாகத்திலேயே திரண்டுகொண்டு போகும். மாதம் ஒரு முறையாவது, நீரைக் கலங்கச் செய்து அளக்கும் சோதனையால் இதனைப் பார்க்க வேண்டும். 30 முதல் 50 மில்லிகிராம் என்பது வழக்கமான எல்லை. இவ்வமிலம் உள்ள தடாகங்களில் சுயாதீனக் குளோரினைக் குறைந்தது 2 மில்லிகிராமாக வைக்குமாறு அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் கூறுகிறது.

எமது கிணற்று நீரும் பருவமும்

வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணற்பாங்கான நிலத்தில் தோண்டிய கிணறுகளிலிருந்தே பல தடாகங்கள் நிரப்பப்படுகின்றன. கச்சான் காற்று வீசும் வரண்ட மாதங்களில் அதிகம் இறைத்தால் நீர் உவராகும். உவர்நீரோடு வரும் புறோமைட்டை குளோரின் புறோமீனாக மாற்றும், டீ.பீ.டீ. அதனையும் குளோரின் என்றே வாசிக்கும். நீரில் மங்கனீசு இருந்து குளோரினால் ஒட்சியேற்றப்பட்டாலும் பொய்யான இளஞ்சிவப்பு தோன்றலாம். மிக வன்மையான நீரில் திரவ டீ.பீ.டீ. வெண்கலங்கலை உண்டாக்கி வாசிப்பைக் கெடுப்பதுண்டு. ஆகவே புதிய கிணற்றிலிருந்து நிரப்புமுன், குளோரின் போடாத அந்த நீரை ஒரு முறை சோதித்து எண்ணைக் குறித்துக்கொள்வது நல்லது. பூச்சியத்திற்கு மேல் ஏதேனும் காட்டினால் அது குளோரின் அல்ல.

கார்த்திகை முதல் தை வரையான மழைக்காலத்தில், குளோரினற்ற மழைநீர் தடாகத்தை ஐதாக்குவதோடு, இலைகுழையும் மண்ணும் சேர்ந்து குளோரினைத் தின்கின்றன. பெருமழைக்குப் பின் பழைய எண்ணை வைத்து மருந்து போடக் கூடாது. அறுகம்பையில் அலைச்சறுக்கல் காலமான சித்திரை முதல் ஐப்பசிவரை சுமை வேறு விதமானது: மணலும் சன்கிறீமும் பூசிய உடலோடு கடலிலிருந்து நேரே தடாகத்தில் இறங்குவோரால் மதியத்திற்குள் அளவு சரியும். அங்கே காலை, நண்பகல், மாலை என மூன்று அளவாவது தேவை. ஒரு வாரத்தின் நண்பகல் எண்களைப் பார்த்தாலே மருந்தை எப்போது போட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

எண்ணை வைத்து என்ன செய்வது

ஒரு கன மீற்றர் நீரில் லீற்றருக்கு 1 மில்லிகிராமைக் கூட்ட 1 கிராம் குளோரின் தேவை. 10 மீற்றர் நீளம், 5 மீற்றர் அகலம், சராசரி 1.4 மீற்றர் ஆழம் என்றால் தடாகம் 70 கன மீற்றர். 0.5இலிருந்து 2.5க்கு உயர்த்த 140 கிராம் குளோரின் வேண்டும். 70 வீத வலுவுள்ள கல்சியம் ஹைப்போகுளோரைற்றாயின் 200 கிராம். கிணறுகளுக்குப் போடும் ரீ.சீ.எல். பவுடரின் வலு இதில் பாதியளவே, திறந்து வைத்தால் அதுவும் குறைந்துகொண்டே போகும். அதனைத் தடாகத்திற்கு நான் பரிந்துரைப்பதில்லை. எந்தக் காரணத்திற்காகவும் கல்சியம் ஹைப்போகுளோரைற்றையும் ரைகுளோரையும் ஒரே வாளியில் கலக்காதீர்கள், ஒரே கரண்டியால்கூட அள்ளாதீர்கள். தீப்பற்றவோ வெடிக்கவோ கூடும்.

பதிவேட்டில் திகதி, நேரம், சுயாதீனம், மொத்தம், பீ.எச்., குளித்தோர் எண்ணிக்கை, போட்ட மருந்து ஆகியவற்றை எழுதுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கேட்டால் காட்டுவதற்கு மட்டுமன்றி, கீழ்வரும் சோதனைக்கும் அது உதவும். சூரியன் மறைந்த பின், மருந்து கலந்து முடிந்த நிலையில் ஒரு முறை அளந்து, மறுநாள் வெயில் விழுமுன் மீண்டும் அளந்து பாருங்கள். இடையில் யாரும் இறங்கக் கூடாது, மருந்தும் போடக் கூடாது. இரவில் குளோரினை அழிக்க வெயில் இல்லை. எனவே குறைவு 1 மில்லிகிராமைத் தாண்டினால், கண்ணுக்குத் தெரியாத பாசியோ வேறு அழுக்கோ நீரில் இருந்து அதனைத் தின்கிறது. மணல் வடிகட்டியை எதிர்ப்பக்கமாக நீர் செலுத்திக் கழுவி, சுவரைத் தேய்த்து, குளோரினை உயர்த்தி, இரவு இழப்பு குறையும்வரை இதே சோதனையைத் தொடர வேண்டும்.